போர்வையை விலக்கத் தேவையில்லை

கையெழுத்துப் போடமாட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? போடறேன். பேனா எழுதுதான்னு பாக்கறேன், அவ்வளவுதான். அதுக்குள்ள ஏன் எந்திரிக்கறே? உட்காரு. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, சுவரோரமா இழுத்துப் போட்டுக்கிட்டு உட்காரு. ம். இப்ப சொல்லு, கடைசியா என்ன கேட்டே?

குறை ஏதும் உண்டா.

அடேயப்பா. இந்த வாக்கியத்தைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. கேட்டுன்னா, என் வாயாலேயே நான் கேட்டு. அப்பல்லாம் ஸ்டூல்ல நான் இருப்பேன், கட்டில்ல அவங்க இருப்பாங்க.

ஏன் அப்படி முழிக்கறே? உன் ஆபீஸ்ல யாரும் சொல்லலியா? நீ இப்ப பாக்கற வேலையை இருபத்தாறு வருஷம் பாத்தவன்மா நான். பன்னெண்டு படுக்கைக்கு உட்பட்ட முதியோர் இல்லம் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் போய்ப் பாத்து, அனுமதி கொடுக்கலாமா வேண்டாமான்னு எழுதற அதிகாரி. இன்னிக்கு உன்னை இங்க அனுப்பி வச்சானே உன் பெரிய அதிகாரி, அவன் சேந்த புதுசுல என் பையைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வருவான். எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல சாப்பாடு எங்கேன்னுதான் கேப்பான். இப்ப எப்படி, தொப்பை இன்னும் வளந்திருக்கா? சிரிக்காதே, போய்ச் சொல்லிடாதே. சொன்னாலும் பரவாயில்லை, என்னை என்ன பண்ணிடுவான், வேலையை விட்டா தூக்கப் போறான்?

சிஸ்டர்! அங்க நிலைப்படியிலேயே நின்னுட்டிருந்தா கால் வலிக்காதா? அதிகாரியம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் கொண்டாங்களேன். இல்ல இல்ல, அந்தப் புதுப் பொண்ணுங்களை விடாதீங்க, நீங்க போட்டாதான் டீ. எனக்கும் அரை டம்ளர். சக்கரை போடுங்க, இன்னிக்கு ஒரு நாள் ஒண்ணும் ஆயிடாது.

போயிட்டாளா? எட்டிப் பாரு. படியில செருப்புச் சத்தம் கேக்குதா? சரி. கதவைச் சாத்தாதே, சாத்தினா அதுவே ஒரு சேதி ஆயிடும். பத்து நிமிஷம் இருக்கு. கீழ அடுப்பு ஒண்ணுதான், மத்தியானச் சாப்பாடு அதுலதான் வெந்துட்டிருக்கும்.

நீ அந்தம்மா முன்னாடியே என்கிட்ட குறை ஏதும் உண்டான்னு கேட்டே பாரு. அதுக்கு உன்னைத் திட்ட மாட்டேன். நானும் அப்படித்தான் கேட்டேன். பின்னால நர்ஸ் நிப்பாங்க, நான் குனிஞ்சு ரொம்ப அக்கறையா, ஏதாச்சும் குறை இருக்காம்மா, ஏதாச்சும் குறை இருக்கா ஐயான்னு கேப்பேன். ஒண்ணும் இல்லைங்க, நல்லாப் பாத்துக்கறாங்கன்னு சொல்வாங்க. நாளைக்குக் காலைல அவங்க மலம் துடைக்கப் போற கை, என் தோளுக்குப் பின்னாடி நின்னுட்டிருக்கு. அவங்க வேற என்னம்மா சொல்வாங்க? எனக்கு அது தோணவே இல்ல. இருபத்தாறு வருஷம். படிச்சவன்.

இந்த இல்லத்துல மொத்தம் பதினோரு பேரு. அதுல தெளிவாப் பேசறவன் நான் ஒருத்தன். அதனால எந்த அதிகாரி வந்தாலும் நேரா என்கிட்ட கூட்டிட்டு வந்துடுவாங்க. நான் ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசி ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் அனுமதி, உனக்கு மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சது. போன தடவை வந்தவரு என் பக்கத்துல நின்னு ஒரு போட்டோகூட எடுத்துக்கிட்டாரு. நான் என்னமோ பரிசு வாங்கின மாடு மாதிரி.

எத்தனை பணியாளர்னு எழுதினே? நாலு. எண்ணிப் பாத்தியா? நல்லது. கீழ நிக்கற அந்த ரெண்டு பொண்ணுங்களோட சீருடையைக் கவனிச்சியா? மடிப்புக் கலையல. பெட்டியில இருந்து எடுத்த கோடு அப்படியே இருக்கு. காலைல ஒருத்தி என்கிட்டயே வந்து, தாத்தா இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கறா. ரெண்டு வருஷமா படுக்கையில கிடக்கறவனைப் பாத்து! ஏம்மா, நான் எழுந்து வழி காட்டவான்னு கேட்டேன். முதலாளியம்மாவுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு இல்லம் இருக்கு. உன் ஆபீஸ்காரங்க இங்க வர்ற அன்னிக்கு அங்க இருக்கற பொண்ணுங்க வேன்ல இங்க வருவாங்க. அங்க போற அன்னிக்கு இங்கிருந்து போவாங்க. அந்த வேன் வெள்ளை வேன், வாசல்லதான் நிக்குது. நீ அதுக்குப் பக்கத்துலதான் உன் வண்டியை நிறுத்தியிருப்பே.

எழுதாதே, எழுதாதே. இப்ப எதுக்கு அவசர அவசரமா எழுதறே? எழுதினா என்ன ஆகும்னு நான் சொல்றேன் கேளு. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போகும். அவசரத் தேவைக்காகப் பணியாளர்கள் மாற்றி அனுப்பப்பட்டனர்னு ஒரு வரி பதில் வரும். அந்தப் பதில் ஏற்கத்தக்கதுன்னு ஒரு முத்திரை இருக்கு உன் ஆபீஸ்ல, நீல மை. தேஞ்சு போயிருக்கும். தேய்ச்சவன் நான்தான்.

சுத்திப் பாத்தியே, எல்லாம் தரமா இருந்துச்சா? உன் ஃபார்ம்ல போட்டிருக்குமே, குடிதண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா. உள்ளது. இதோ ஜாடி. மூடியைத் திறந்து பாரேன். ரெண்டு கையாலயும் திற. பாத்தியா, உனக்கே நரம்பு புடைக்குது. பக்கவாதம் வந்து இடது பக்கம் செத்துப்போனவன் நான், ஒரு கையால அதை எப்படித் திறப்பேன்? காலைல நிரப்பற தண்ணி சாயங்காலம் அப்படியே இருக்கும். நீர் அருந்தினார்னு மட்டும் எழுதிடுவாங்க, லிட்டர் கணக்கோட. அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா. உள்ளது. இந்தா, இடது கைப் பக்கம் தொங்குது. எந்தக் கைன்னு ஃபார்ம்ல கேக்கலியே. அந்த ஃபார்மைத் தயார் பண்ணின மேதாவிக்கு மனுஷனுக்கு ரெண்டு கை இருக்கு, அதுல ஒண்ணு வேலை செய்யாமப் போகும்கற விஷயமே தெரியல.

யாரா? கடைசிப் பக்கத்துல கீழ பொடி எழுத்துல ஒரு பேரு இருக்கும், படி. சத்தமா வேண்டாம்.

ஆமாம்மா. நான்தான்.

பாவம், உனக்குச் சங்கடமாப் போச்சு. என்னவோ கெட்ட வார்த்தையைப் படிச்ச மாதிரி முகத்தை வச்சுக்கறியே. அது கெட்ட வார்த்தைதான்.

உரிமைகள் பட்டியல் மாட்டியிருக்காங்களான்னு பாத்தியா? பாக்கலேன்னா எழுந்து அந்தக் கதவுக்குப் பின்னால பாரு. கதவு திறந்திருந்தா அது தெரியாது, கதவு சாத்தியிருந்தா விளக்கு வெளிச்சம் அங்க போகாது. போதாக்குறைக்கு ஆளுயரத்துக்கு மேல மாட்டியிருக்கு. இங்க எழுந்து நிக்கற ஆளு நாலு பேரு, நாலு பேருக்கும் கண்ணு தெரியாது. அதுல முதல் வரி என்ன தெரியுமா? ஒவ்வொரு வாசியும் கண்ணியத்துடன் நடத்தப்படுவார். வாசின்னு எவன் எழுதினான்? சரி விடு, அதுவும் நான்தான்.

எங்க விட்டேன்? தரம். மணி என்ன இப்போ, உன் வாட்ச்ல? பதினொன்னேகாலா? சரி. கால்மாட்டுல ஒரு அட்டை தொங்குதே, அதை எடு. மஞ்சள், பச்சை, நீலம் கட்டம் போட்டது. அதைத்தான் வந்ததும் வராததுமா எடுத்துப் பாத்து டிக் போட்டே, நான் கவனிச்சேன். படுக்கையில இருக்கறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். மஞ்சள்னா மல்லாக்க, பச்சைன்னா வலது, நீலம்னா இடது. திருப்பினவங்க கையெழுத்துப் போடணும். திருப்பலேன்னா ஒரே இடத்துல பாரம் அழுத்தி அழுத்தி சதை செத்துப்போயிடும். படுக்கைப் புண். உனக்குத் தெரியும், பரீட்சையில எழுதியிருப்பே. நூத்துக்கு எத்தனை வாங்கினே? தொண்ணூத்தி ஒண்ணா! பேஷ்.

இப்ப பத்து மணிக் கட்டத்தைப் படி. வலது, கையெழுத்து இருக்கு. பத்து மணிக்கு நான் இப்படி நிமிந்துதான் உட்கார்ந்திருந்தேன், நீ வர்றேன்னு முதுகுக்கு ரெண்டு தலையணை வச்சு அலங்காரம் பண்ணிட்டிருந்தாங்க. சரி, போகட்டும். பன்னெண்டு மணிக் கட்டத்தைப் படி.

படி. ஏன் நிறுத்திட்டே?

இடது பக்கம் திருப்பிட்டாங்க. கையெழுத்தும் போட்டாச்சு. ரெண்டு மணிக்கு? மல்லாக்க. நாலு மணிக்கு? வலது. பாத்தியாம்மா, நான் இன்னும் போய்ச் சேராத நேரத்துக்கெல்லாம் எனக்கு முன்னாடியே போய் என்னைத் திருப்பி வச்சுட்டாங்க. நான் ஒருவேளை ஒரு மணிக்குச் செத்துப்போனாலும் நாலு மணிக்கு வலது பக்கம் சொகுசாப் படுத்திருப்பேன். இங்க எல்லா அட்டையும் அப்படித்தான். காலைல வந்ததும் டீ குடிச்சுக்கிட்டே ஏழு பேரோட அட்டையையும் வரிசையா வச்சு ராத்திரி எட்டு வரைக்கும் போட்டு முடிச்சுடுவாங்க. அழகான கையெழுத்து. நீ அதுக்கும் ஒரு டிக் போட்டே, பதிவேடுகள் தெளிவாகப் பராமரிக்கப்படுகின்றன.

அவங்க மேல கோபப்படாதே. நீ அப்படியே கொதிக்கறே, முகமே செவந்துடுச்சு. உக்காரு. கணக்குப் போடு. படுத்த படுக்கையா ஏழு பேரு. ஒரு ஆளைத் திருப்ப ரெண்டு பேரு வேணும், துணி மாத்தி, தலையணை முட்டுக் கொடுத்து, தோலைப் பாத்து, பத்து நிமிஷம். ஏழு பேருக்கு எழுபது நிமிஷம். ரெண்டு மணி நேரத்துல எழுபது நிமிஷம் திருப்பறதுக்கே போயிட்டா, மிச்ச அம்பது நிமிஷத்துல பதினோரு பேரைக் குளிப்பாட்டணும், ஊட்டணும், மருந்து கொடுக்கணும், பெருக்கணும், துவைக்கணும், சமைக்கணும். இருக்கறது ரெண்டே பேரு. நீ எண்ணின நாலு பேர் இல்ல. டீ போடப் போனாளே, அந்தப் பெரிய நர்ஸுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, நடக்கும்போது கேட்டுப் பாரு, கதவு கீல் மாதிரி சத்தம் வரும். அவகிட்ட போய் நான் திருப்பும்மா, திருப்பும்மான்னு எப்படிக் கேப்பேன்? அவளால செய்ய முடியாததை எழுதணும்னு சொன்னது நாம. அவ எழுதிட்டா. கேட்டது எழுத்துதானே?

இந்தக் கணக்கை நான் ஆபீஸ்ல இருந்த காலத்துல ஒரு நாள்கூடப் போட்டதில்ல. இங்க வந்து படுத்ததுக்கு அப்புறம்தான், விட்டத்தைப் பாத்துக்கிட்டே போட்டேன். விட்டத்துல ஒரு கறை இருக்கு பாரு, தண்ணி ஒழுகின கறை. அதுக்கு நேரா கீழதான் என் அறிவு திறந்துச்சு.

அட்டை யாரு யோசனைன்னு கேக்கறியா? கேப்பேன்னு தெரியும். அதுக்காகத்தான் என்னைக் கூப்பிட்டு ஒரு கூட்டத்துல சால்வை போத்தினாங்க. ஆமா, கைதட்டல் எல்லாம் உண்டு. கலர் போடலாம்கறதுகூட என் யோசனைதான். எழுதப் படிக்கத் தெரியாத பணியாளருக்கும் புரியும்னு சொன்னேன். எல்லாரும் ஆகா ஆகான்னாங்க.

அது எப்படி வந்துச்சுன்னா, ஒரு டயர் கடை இருந்துச்சு, அதுக்கு மேல ஒரு இல்லம். எட்டுப் படுக்கை. கீழ ரப்பர் வாடை, மேல மருந்து வாடை. அங்க ஒரு அம்மா இருந்தாங்க, தையற்காரம்மா. ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணத் துணி தைச்சவங்களாம். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குறை ஏதும் உண்டான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைங்க ஐயான்னாங்க. பின்னால நர்ஸ். நான் எழுந்தப்ப அந்தம்மா என் சட்டைக் கையைப் பிடிச்சாங்க. பிடிச்சுட்டு விடல. வாய் ஒண்ணும் பேசல, கையை மட்டும் கீழ இழுக்கறாங்க, அவங்க இடுப்புப் பக்கமா. எனக்கு என்னமோ அவங்க பாசத்துல பிடிச்ச மாதிரி இருந்துச்சு. தையற்காரங்க இல்லியா, துணியோட தரத்தைத் தொட்டுப் பாக்கறாங்க போலன்னுகூட நினைச்சேன். சிரிச்சுக்கிட்டே, நல்ல காட்டன்மான்னு சொன்னேன். சொல்லிட்டு ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன்.

என்ன எழுதினேன் தெரியுமா? வாசி உற்சாகமாக உள்ளார், அதிகாரியிடம் அன்பாகப் பழகினார்.

மூணு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டாக்டர் போன் பண்ணினாரு. பொறுமையான மனுஷன், கத்தல. சார், இந்த அம்மாவோட இடுப்புல என் கை முஷ்டி உள்ள போகுது சார், இதை யாரும் பாக்கவே இல்லியான்னு கேட்டாரு. நான் பதிவேட்டைப் பாத்துச் சொல்றேன்னு வச்சுட்டேன். அந்தம்மா ரெண்டாம் நாள் போயிட்டாங்க.

நாலு நாள் நான் தூங்கல. அஞ்சாம் நாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இந்த அட்டையை வரைஞ்சேன். தப்பு பண்ணின அதிகாரி என்னம்மா பண்ணுவான்? இன்னொரு ஃபார்ம் போடுவான்.

அதோட நின்னிருந்தாலாவது சரி. உன் ஃபார்ம்ல ஏழாவது பிரிவை எடு. படி. திருப்பும் அட்டை முழுமையாக உள்ளதா. ஆம் எனில்?

ஆம் எனில், எட்டாவது பிரிவை விட்டு ஒன்பதாவது பிரிவுக்குச் செல்லவும். எட்டாவது பிரிவு என்ன? உடல் பரிசோதனை. அதுக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கும். வாசியின் கண்ணியம் கருதி, அட்டை முழுமையாக உள்ளபோது போர்வையை விலக்கத் தேவையில்லை. நீ விதிப்படிதான் நடந்துக்கிட்டே. ஏழுல டிக், எட்டைத் தாண்டி ஒன்பதுக்கு வந்துட்டே. ஒன்பதுதான் குறை ஏதும் உண்டா. தொண்ணூத்தி ஒண்ணு வாங்கினவ தப்பு பண்ணுவியா?

கண்ணியம்னு எழுதினேன். எல்லாரும் பாராட்டினாங்க. அடடா, எவ்வளவு நுட்பமா யோசிச்சிருக்காருன்னு. உண்மை என்னன்னா எனக்குக் குமட்டும். அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறம் எந்தக் கிழவன் கிழவியோட போர்வையையும் தூக்கிப் பாக்கற தைரியம் எனக்கு வரல. தூக்காம இருக்க ஒரு விதி தேவைப்பட்டுச்சு. எழுதிக்கிட்டேன். எனக்காக எழுதினது ஊருக்கே விதி ஆயிடுச்சு.

என் மகளா? இருக்கா. வெளிநாட்டுல. நல்ல பொண்ணு, ஞாயித்துக்கிழமை தவறாமப் போன் பண்ணுவா. நீ உடனே அவளைக் குறை சொல்லாதே. எனக்கு இப்படி ஆனதும் ஓடி வந்து, நாலு இல்லம் ஏறி இறங்கினா. பாவம், பாக்கற இடமெல்லாம் பயந்தா. இங்க வந்தப்போ கீழ வரவேற்பறையில கண்ணாடி போட்டு, இந்த இல்லத்துக்கு முதல்முதலா கொடுத்த அனுமதிச் சான்றிதழ் மாட்டியிருக்குதே, நீயும் பாத்திருப்பே, பிளாஸ்டிக் பூச்சாடிக்கு மேல. அதைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. அப்பா, உங்க கையெழுத்து இருக்கற இடம்பா, நீங்களே பாத்து அனுமதி கொடுத்த இடம், இனிமே எனக்குக் கவலை இல்லப்பான்னா.

நான் என்ன சொல்ல? இந்த இல்லத்தைச் சோதிக்க வந்த அன்னிக்கு எனக்கு முட்டி வலி. இந்தப் படி செங்குத்துப் படி, நீயே ஏறும்போது மூச்சு வாங்கியிருப்பே. அட்டையெல்லாம் கீழயே கொண்டுவரச் சொன்னேன். டீ குடிச்சேன், பிஸ்கட் சாப்பிட்டேன், அட்டையெல்லாம் முழுசா இருந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். இந்த மாடியை நான் முதல் தடவை பாத்ததே என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தப்பத்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எப்படிப்பா இருக்கீங்கன்னு கேக்கறா. நல்லா இருக்கேன்மாங்கறேன். வேற என்ன சொல்றது? உங்கப்பன் கையெழுத்தை நம்பி உங்கப்பனையே கொண்டுவந்து போட்டுட்டியேன்னா? இருபத்தாறு வருஷம் அந்தக் கையெழுத்துதானம்மா அவளுக்குச் சோறு போட்டுச்சு, படிக்க வச்சுச்சு.

அந்தக் கட்டிலா? அவரு போஸ்ட் மாஸ்டர். பேச்சு கிடையாது, காதும் கொஞ்சம் மந்தம். தங்கமான மனுஷன். ரெண்டு வருஷமா என் பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பாரு. காலைல கண்ணு முழிச்சதும் ரெண்டு பேரும் ஒரு சலாம் போட்டுக்குவோம். இப்ப ஒரு வாரமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு. மூக்கு மேல துண்டு. சளி பிடிச்சிருக்குன்னு அந்தப் பெரிய நர்ஸ் சொன்னா. அவரு தும்மி நான் கேக்கல.

அதே மாதிரிதான் இதுவும். காலைல என்னைத் துடைக்க ரெண்டு பேரும் வருவாங்களா, வந்தா ஓயாத பேச்சு. மாமியார், நாத்தனார், வீட்டு வாடகை, எவளோ ஒருத்தி எவன்கூடவோ ஓடிப்போனது, எல்லாம் என் முதுகுக்கு மேலதான் நடக்கும். எனக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. நடுவுல மறந்துட்டா நானே எடுத்துக் கொடுப்பேன், அப்புறம் அந்தப் பையன் என்ன சொன்னான்னு. ஒம்பது நாளா ரெண்டு பேரும் பேசறதில்ல. என்னை வலது பக்கமா சாய்ப்பாங்க, இடது இடுப்பைத் துடைக்கற நேரம் வரும், அப்படியே வாயை மூடிக்குவாங்க. தண்ணி பிழியற சத்தம் மட்டும் கேக்கும். முடிஞ்சதும் பெரிய நர்ஸ் என் தலையைத் தடவிக் கொடுத்துட்டுப் போறா. ரெண்டு வருஷத்துல அவ என் தலையைத் தொட்டதில்ல.

கட்டில் இப்படிச் சுவரை ஒட்டி இருக்கா, ஊட்டறதுக்கு வசதியா என்னை எப்பவும் இடது பக்கமாத்தான் போட்டு வைப்பாங்க. அந்தப் பக்கம் எனக்கு உணர்ச்சி கிடையாது. எறும்பு கடிச்சாக்கூடத் தெரியாது. அதனால வலி கிலி ஒண்ணும் இல்லம்மா, நீ பயப்படாதே.

இல்ல, ஜன்னலைத் திறக்காதே. நீ வந்ததுல இருந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே, நாகரிகமான பொண்ணு, சொல்லல. அது ரூமோட வாடை இல்ல. ஜன்னலைத் திறந்தா போகாது.

படியில சத்தம் கேக்குது. அவ முட்டிக்கு இன்னும் எட்டுப் படி இருக்கு. அவ வந்தா வரட்டும், அவ பேரை மட்டும் எழுதாதே, அவளுக்கு வேற வேலை கிடைக்காது.

அந்தப் போர்வையை இந்தப் பக்கமா, இடது பக்கமா, இடுப்பு வரைக்கும் தூக்கு. எனக்குக் கை எட்டல, முகம் பாக்கற கண்ணாடி கேட்டாலும் தர மாட்டேங்கறாங்க. எவ்வளவு பெரிசுன்னு பாத்துச் சொல்லு. ரூபா நாணயம் அளவா, உள்ளங்கை அளவா. முகத்தைத் திருப்பிக்காமப் பாரும்மா. பாத்துட்டு அளவை எழுதிக்கோ. எட்டாவது பிரிவுலகூட அளவுக்குக் கட்டம் இருக்காது, தேடாதே, நான் விடல. ஓரத்துல எழுது.